ஒரு முழுப் பிரியதத்தம்

சேசு மரி சூசை துணை

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
14-3-1939

செசீலியாவின் அப்பாவுக்கு,

மக்டலின் எழுதுவது. நானும் பிள்ளையும் அம்மாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் சுகமாக இருப்பதைப் பத்திரிகையிலேயே பார்த்துக்கொண்டோம்.

உங்கள் கடிதம் போன வியாழன் தபாலில் கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு பார்த்துவிட்டதாகவும், ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறும்படியும் எழுதியிருக்கிறீர்கள். வரும்போது அருவிப் படத்தின் கண்ணாடித் தகட்டைப் பஞ்சில் சுற்றித் தலையணைக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டுமாம், கலண்டருக்குப் பெரிதாக அச்சடிக்கக் கேட்கிறார்களாம். எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் நீங்கள் எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். என் தம்பி ஜெயராஜாவை அந்த அருவிக் கல்லில் ஏற்றி நிறுத்தியது யார்?

தெரியாமல் கேட்கவில்லை, தெரிந்துதான் கேட்கிறேன். அவன் குடித்துவிட்டுத் தன் எண்ணத்துக்கு ஏறி விழுந்தான் என்று மரண விசாரணையில் சத்தியம் பண்ணிச் சொன்னீர்களே, அது பொய் என்று உங்கள் கையெழுத்தில் வேண்டும். சுவாமியாரிடமும் அம்மாவிடமும் காட்டுவதற்கு வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நடந்ததை நான் எப்படி அறிந்தேன் என்பதையும் எழுதுகிறேன், பிறகு ஆர் சொன்னது எவர் சொன்னது என்று நீங்கள் தேட வேண்டியதில்லை.

முதலில் பத்திரிகை. இளையதம்பி வாத்தியார் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, நமது படக் கடை வாசலில் நின்று இங்கிலீசை வாசித்துத் தமிழில் சொன்னார். கொழும்புப் படக் கண்காட்சியில் முதற்பரிசு. படத்துக்குப் பெயர், ‘மனிதன் காலடி படாத அருவி’. கவுண்மேந்து புதிதாகக் காவல் போட்ட காட்டுக்குள்ளே மட்டக்களப்பு நோபேட் என்பவர் தன்னந்தனியே நடந்து, அட்டைக்கும் யானைக்கும் அஞ்சாமல், கமராவைத் தோளில் சுமந்து போய் எடுத்த படமாம். வாத்தியார் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கல்லடிப் பாலத்தில் சேறு கிடந்தால் சுற்றிக்கொண்டு போகிறவர் நீங்கள். தன்னந்தனியே என்ற சொல் பத்திரிகைக்காரன் போட்டதா, நீங்கள் கொடுத்ததா என்று அப்போது யோசித்தேன். ‘காலடி படாத’ என்ற பெயர் நீங்கள் வைத்ததுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்கு மறுகிழமை ஏறாவூரிலிருந்து அசனார் வந்தார். உங்களை மகாஓயாவில் ஏற்றிக் காட்டோரம் வரைக்கும் கொண்டுபோன வண்டில்காரர்தான். மூன்றாம் நாள் தம்பியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததும் அவருடைய வண்டில்தான். மனுசன் கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்று, கையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு, “புள்ள, என்ட வண்டில்ல சாராயம் ஏறின எண்டு ஊர் முழுக்கக் கதை. நான் அஞ்சு நேரம் தொழுற மனுசன். ஒங்கட தம்பி குடிக்கவும் இல்ல, நான் குடுக்கவும் இல்ல. பள்ளிவாசல்ல காட்ட இத எழுதித் தா புள்ள” என்றார். அவருடைய மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம்கூட இந்தக் கதையால் நின்றுவிட்டதாம். இருங்கள் என்று சொல்லி, உட்காரும் வாங்கு ஒன்றை வாசலுக்கே கொண்டுபோய்ப் போட்டு, அன்று நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். ஐந்து மாதமாக உங்களிடம் கேட்டு எனக்குக் கிடைக்காதது, ஒரு குவளைத் தேநீருக்கு அவரிடமிருந்து கிடைத்தது.

வண்டில் பாதை முடிகிற இடத்திலிருந்து ஆறு கட்டை, ஆறு மைல் நடையாம். அசனார் முன்னுக்குக் கத்தியால் முள்ளை வெட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஜெயராஜா கமராப் பெட்டியைத் தலையிலும், மூன்று கால் நிறுத்தியை முதுகிலும், தகட்டுப் பெட்டியைக் கையிலும் கொண்டு நடுவில் போயிருக்கிறான். நீங்கள் பின்னால் குடையோடு. அட்டைக்குப் புகையிலையும் சவர்க்காரமும் குழைத்துக் காலில் பூசிவிட்டதும் அவன்தான். இரண்டு இடத்தில் ஆறு கடக்க வேண்டி வந்ததாம், இரண்டு இடத்திலும் அவன் சாமான்களை அக்கரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உங்களை முதுகில் தூக்கிக்கொண்டு போனானாம். “நல்ல புள்ள, பாட்டுப் படிச்சிக்கிட்டுத்தான் வந்த” என்றார். குடித்தவன் வழுக்குப் பாறையில் ஒரு ஆளை முதுகில் சுமந்து ஆறு கடப்பானா என்று நீங்களே சொல்லுங்கள்.

முதல் மழை விழுந்து அருவி நிரம்பட்டும் என்று நாள் பார்த்துப் போனவர் நீங்கள். போய்ச் சேர்ந்தபோது மேலே மலை கறுத்துக் கிடந்ததாம். கமராவைக் கீழ்ப்பாறையில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையைவிட்டுப் பார்த்து, வெளியே வந்து, “இது வீட்டுக்குப் பின்னால ஓடுற வாய்க்கால் மாதிரித் தெரியுது. ஒரு ஆள் நின்றாத்தான் உயரம் விளங்கும்” என்று நீங்கள் சொன்னீர்களாம். பிறகு கையால் அந்தக் கல்லைக் காட்டினீர்களாம். ஜெயராஜா சிரித்துக்கொண்டே ஏறினானாம். அசனார் இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. படம் எடுக்கப் போனவர்கள் படம் எடுத்தார்கள், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்பது அவர் நினைப்பு. நீங்கள் விசாரணையில் சொன்னது அவருக்கு இன்றுவரை தெரியாது. உங்களை விசாரித்தபோது அவரை வெளியே நிற்க வைத்தார்களாம். அவரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அந்த நேரம் நோபேட் என்ன செய்துகொண்டிருந்தார் என்று. “சத்தமா ஓதிக்கிட்டு நிண்டார்” என்றாராம். அவர் கண்டது அதுதான்.

அதை என்னிடம் அவர் இன்னும் விளக்கமாகச் சொன்னார். நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். “தண்ணி தேயிலைச் சாயம் மாதிரி நிறம் மாறிச்சி, சருகு மிதந்து வந்திச்சி. மேல வெள்ளம் எண்டு எனக்கு வெளங்கிட்டு. எறங்கு எறங்கு எண்டு கத்தின. ஒங்கட மாப்புள ஒரு கையில அந்த மூடிய வெச்சிக்கிட்டு, மத்தக் கையப் பின்னுக்கு நீட்டி என்னய சத்தம் போடாத எண்டு காட்டிக்கிட்டு, ஓதிக்கிட்டே நிண்டார். தம்பி அவரயே பாத்துக்கிட்டுக் கல்லுப் போல நிண்டான். தண்ணி கரண்டைக்கு வந்து முழங்காலுக்கு ஏறிச்சி, அசையல்ல. ஓதி முடிஞ்சி மூடியப் போட்டாரு. தம்பி ஒரு எட்டு வெச்சான், அவ்வளவுதான்.” பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவம் உங்கள் புருசன், தம்பியின் உயிருக்காக ஆண்டவனிடம் கெஞ்சிப் பார்த்தார், எழுத்து அப்படி இருந்தது என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அவர் வாழ்நாளில் ஒரு படத்துக்கும் இருந்து கொடுத்தவரல்ல. நமது கடையில் ஒருநாள் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். மணிக்கூட்டை நம்பாமல் மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்தச் செபத்தை வைத்து வெளிச்சம் அளக்கிறவர் இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான். வெயில் நாளில் கால் பிரியதத்தம், மப்பு நாளில் அரைப் பிரியதத்தம். பிள்ளைகளுடைய தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, “ஆமென் வரும் மட்டும் அசையப்படாது” என்று ஜெயராஜா சொல்லுவான். காத்தான்குடிப் புடவைக்கடை முதலாளி மக்கத்துக்குப் போகப் படம் எடுக்க வந்து, மூச்சை அடக்கி முகம் சிவந்து, “ஒங்கட ஓதல் இன்னம் முடியல்லியா தம்பி?” என்று கேட்டதை வைத்து நாங்கள் ஒரு மாதம் சிரிக்கவில்லையா? தண்ணீர் பால் போல வழிய வேண்டும் என்றால் ஒரு முழுப் பிரியதத்தம் வேண்டும் என்று நீங்கள்தான் எனக்கும் அவனுக்கும் சொல்லித் தந்தீர்கள்.

ஏழு வருடம் உங்கள் கடையில் நின்றவன். லென்ஸ் மூடி உங்கள் கையில் இருக்கும்வரை அசையக்கூடாது என்பது அவனுக்கு வேதவாக்கு. ஊரில் வேறு எவனை ஏற்றியிருந்தாலும் தண்ணீர் காலில் பட்டதும் குதித்து ஓடியிருப்பான். அவனை மேலே ஏற்றியது அறியாமை என்று நான் மன்னிப்பேன். அசனார் கத்தியது உங்கள் காதில் விழுந்தது, கையைக் காட்டினீர்களே. அப்போது செபத்தில் எந்த இடத்தில் நின்றீர்கள்? ‘எங்கள் மரண நேரத்திலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்ற சொல்லை ஆற்றுக்குள் நின்றவனுக்குக் கேட்கக் கேட்கச் சொல்லி முடித்தீர்களா? ஒரு தகடு பழுதாய்ப் போனால் என்ன, பெட்டியில் இன்னும் நாலு தகடு இருந்ததே!

விசாரணையில் நீங்கள் சொன்னது, “நான் கீழே நின்று செபம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் குளிருக்கென்று கொஞ்சம் குடித்திருந்தான், தன் எண்ணத்துக்கு ஏறிவிட்டான்” என்பது. செபம் சொன்னது உண்மை, அசனாரும் சாட்சி. அந்த ஒரு உண்மையை வைத்து மற்ற இரண்டு பொய்யையும் ஏற்க வைத்தீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்லுவார்கள், நீங்கள் செபப் புத்தகத்தில் மறைத்துவிட்டீர்கள். அடக்கம் செய்த அன்று சுவாமியார் அதையே பிரசங்கமாக வைத்தார். இரண்டு பேர் காட்டுக்குப் போனார்கள், ஒருவன் செபித்தான், ஒருவன் குடித்தான் என்றார். நீங்கள் முன் வாங்கில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தீர்கள். துக்கம் என்று நினைத்து உங்கள் முதுகைத் தடவினேனே, அந்தக் கையை என்ன செய்வது?

இனி என் குற்றத்தை எழுதுகிறேன். மார்கழியில் அந்தத் தகட்டை என் மேசையில் வைத்து, “அருவிக்கு வலப்பக்கம் வெந்தய அளவில் தூசித் துளை ஒன்று உண்டு, அடைத்துவிடு” என்று துண்டு எழுதி வைத்துவிட்டுப் போனீர்கள். தகட்டில் துளை அடைப்பதுதானே இந்தக் கடையில் என் வேலை. தூரிகை நுனியை நாக்கில் நனைத்து, மை தொட்டு, நானே அடைத்தேன். ஒரு ஆள் என்று தெரியவில்லை. காலோடு இருந்திருந்தால் தெரிந்திருக்கும், தகட்டில் வெள்ளை கறுப்பாகத்தானே விழும், இது கறுத்துத் தெரிந்த தண்ணீருக்கு நடுவே கால் இல்லாமல் தொங்கிய ஒரு துளை. முழங்காலுக்குக் கீழே ஆறு மூடியிருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்? என் கூடப் பிறந்தவனை என் எச்சில் தொட்டு அழித்தேன். உங்களுக்குத் தெரிந்துதானே என்னிடம் தந்தீர்கள்? வேறு எவரிடமாவது கொடுக்கக் கூடாதா, நீங்களே அடைத்திருக்கக் கூடாதா?

ஆனால் எந்தத் தகட்டிலும் மை வைக்குமுன் சன்னல் வெயிலில் ஒரு கச்சாப் பிரதி அடித்து வைப்பது என் பழக்கம். வீண் செலவு என்று நீங்கள் எத்தனை தரம் ஏசியிருக்கிறீர்கள். அசனார் போன கையோடு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து அதைத் தேடி எடுத்தேன். கழுவாத பிரதி, சிவந்து போயிருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். தலையில் துவாய் கட்டியிருக்கிறான். இரண்டு கையும் தொடையோடு ஒட்டி, நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறபடி நேராக நிற்கிறான். ஒரு விரல்கூடக் கலங்கவில்லை. தண்ணீர் எல்லாம் கலங்கிப் பாலாக வழிகிறது, அவன் மட்டும் துலக்கமாக நிற்கிறான். குடித்தவன் ஒரு முழுப் பிரியதத்தம் அப்படி நிற்பானா என்று எந்த நீதவானிடமும் நான் கேட்பேன்.

அன்றைக்கே தகட்டை எடுத்து ஈரப்பஞ்சால் மையைக் கழுவிவிட்டேன். ஆகையால் நீங்கள் கேட்கிற தகடு இப்போது இல்லை. இருப்பது வேறு தகடு, அதில் ஒரு ஆள் நிற்கிறான். அதைக் கலண்டருக்குப் போடுவார்களானால் சொல்லுங்கள், அனுப்புகிறேன். மூன்று பிரதி அடித்தேன். ஒன்றை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். கொழும்பில் நல்ல பூதக்கண்ணாடி இருக்கும், வைத்துப் பாருங்கள். அவன் அருவியைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அசனாருக்கு அவர் கேட்டபடி எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன். என் தம்பி குடிக்கவில்லை, வண்டிலில் சாராயம் இல்லை என்று மட்டும்தான் எழுதினேன், உங்கள் பெயரை எழுதவில்லை. அவருடைய மகளின் காரியம் சரி வந்தால் எனக்குச் சந்தோசம். அந்தத் தாளை இந்நேரம் ஏறாவூர்ப் பள்ளிவாசலில் வாசித்திருப்பார்கள். ஏறாவூரில் வாசித்தது புளியந்தீவுக்கு வர எத்தனை நாள் செல்லும்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அது வந்து சேருமுன் நீங்கள் வர வேண்டும்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆறுதலாக இருக்கிறாவா என்று. கேளுங்கள். ஜெயராஜா குடியை விட்டு மது விலக்குச் சபையில் பெயர் கொடுத்து மாதம் பதின்மூன்று ஆகியிருந்தது. சத்தியத்தை மீறினவன் என்று அவனுடைய பெட்டிக்குச் சபைக் கொடி வரவில்லை. கார்த்திகையில் மரித்த சபையாருடைய பெயரை வாசித்தபோது அம்மா கறுப்பு முக்காட்டைப் போட்டுக்கொண்டு, காதைக் கொடுத்துக்கொண்டு, கடைசிப் பெயர்வரைக்கும் நின்றா. அவன் பெயர் வரவில்லை. சுவாமியார் மறந்திருப்பார் என்று நான் பொய் சொன்னேன். மறக்கவில்லை பிள்ளை என்று சொன்னா. அன்றிலிருந்து முன்னுக்குப் போவதில்லை, கோயிலின் கடைசித் தூணுக்குப் பின்னால், பிச்சைக்காரர் இருக்கிற இடத்தில் இருக்கிறா. கோயிலுக்கு வருகிற தாண்டவன்வெளிச் சனம் பாவம் பார்த்து விலகி வழிவிடுகிறது. குடிகாரனைப் பெற்றவ என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்ளுகிறா. வயது அறுபத்தெட்டு. அடுத்த கார்த்திகைக்கு இருப்பாவோ தெரியாது.

நான் ஒரே நடையில் படத்தைக் கொண்டுபோய்ச் சுவாமியார் கையில் கொடுக்கலாம். இரண்டு தரம் சேலை மாற்றி வெளிக்கிட்டும் விட்டேன். செசீலியா வாசல் கேற்றடியில் நின்று, “அப்பாட படமா? நானும் பாக்கிறன்” என்று ஓடி வந்தாள், திரும்பிவிட்டேன். இவளுடைய அப்பாவை ஊருக்கு நான் காட்டிக் கொடுத்ததாக இருக்கக் கூடாது. நீங்களாக வந்து சொல்ல வேண்டும். உங்களைச் சிறையில் போடுவார்களா என்று எனக்குத் தெரியாது, அதை நினைக்காமல் இல்லை. போட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து பார்ப்பேன். ஆனால் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வரமாட்டேன். அந்தப் படம் மாட்டியிருக்கிற சுவருக்கு முன்னால் எனக்குச் சோறு இறங்காது.

பெரிய வெள்ளிக்கு முன் வாருங்கள். முதலில் சுவாமியாரிடம் போங்கள், பிறகு அம்மாவிடம். என்னிடம் கடைசியாக வந்தாலும் போதும். வராவிட்டால் பாஸ்குத் திங்கட்கிழமை நான் சேலை மாற்றிக்கொண்டு வெளிக்கிடுவேன், அன்றைக்கு எந்தப் பிள்ளை கூப்பிட்டாலும் திரும்பமாட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்து பக்கத்தில் குந்திக்கொண்டா. மருமகனுக்கா என்று கேட்டா, ஓம் என்றேன். தான் சொல்கிறதையும் ஒரு வரி எழுதும்படி சொன்னா. சொன்னபடியே எழுதுகிறேன். “என்ட பிள்ளையால அவருக்குக் கோட்டுக் கச்சேரி எல்லாம் ஏறி வெக்கப்பட வேண்டி வந்திட்டு. மன்னிச்சுக்கொள்ளச் சொல்லு. பெத்த மகன் போயிட்டான், இனி எனக்கு மகன் அவர்தான். தேவமாதா அவரை ஒரு குறையும் இல்லாம காப்பாத்துவா.”

இந்த ஆசீரை உங்களுக்கு எழுதாமல் விட எனக்கு உரிமை இல்லை என்று எழுதிவிட்டேன். கையில் வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஜெயராஜாவின் அக்கா,
மக்டலின்